சேது மணலும் கச்சான் காற்றும்

காசி யாத்திரையும் இராமேசுவர யாத்திரையும் தனித்தனியானவை அல்ல, ஒரே யாத்திரையின் இரு முனைகள் என்பதே பெரியோர் கொள்கை. சேதுவில் நீராடி, அங்கே ஒரு பிடி மணல் எடுத்துப் பூஜித்து, அதைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். பிறகு கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்விக்க வேண்டும். அப்போதுதான் யாத்திரை நிறைவுறும். மாதக்கணக்கில் நடந்து இதனைச் செய்து முடித்த தலைமுறைகள் இருந்தன. இன்று இரயிலும் விமானமும் வந்துவிட்டன. ஆயினும் அந்த ஒரு பிடி மணலை மட்டும் இன்னமும் குனிந்து கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த மணல் கிடைக்கும் இடம் தனுஷ்கோடி. இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு மூலையில் வில்லின் நுனிபோல் கடலுக்குள் நீண்டு மெலியும் மணல் திட்டு அது. அதன் கடைசி முனைக்கு அரிச்சல்முனை என்று பெயர். வடபுறம் வங்கக் கடல், தென்புறம் மன்னார் வளைகுடா. மகோததி, இரத்னாகரம் என்று நூல்கள் போற்றும் இவ்விரு கடல்களை, அங்குள்ள மீனவர் பெண் கடல் என்றும் ஆண் கடல் என்றும் எளிமையாக வழங்குகின்றனர். வடபுறம் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், தென்புறம் சீறும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நீளச் சாலை 2017-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் மணலிலும் முழங்கால் நீரிலும் தடுமாறிச் செல்லும் வேன்களை நம்பியோ, நடந்தோதான் யாத்திரிகர் அங்கே போய்ச் சேர்ந்தனர்.

சென்ற ஆனி மாதத்தில் கும்பகோணத்துப் பஜனைக் குழு ஒன்றைச் சேர்ந்த பதினொரு பேர் இந்த யாத்திரைக்குப் புறப்பட்டனர். அறுபத்து மூன்று வயது முதல் எழுபத்தாறு வயது வரை உள்ளவர்கள். அவர்களுள் எழுபத்திரண்டு வயது அம்மையார் ஒருவர் கையோடு ஒரு மஞ்சள் துணிப்பையை வைத்திருந்தார். உள்ளங்கை அளவே உள்ள பை. அவருடைய கணவர் தம் கையாலேயே நாடா கோத்துத் தைத்து வைத்தது.

அந்தக் கணவர் இந்த யாத்திரையை முப்பது ஆண்டுகளாக ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தவர். முதலில் மகளின் திருமணம், பிறகு வீட்டுக் கடன், அதன் பிறகு முழங்கால் வலி. காலண்டரின் பின்புறத்தில் இரயில் நேரங்களையும் தங்குமிடங்களையும் எழுதி எழுதி அடிப்பார். கடைசியாக எழுதிய தாளில் ஒரு வரிக்குக் கீழே கோடு இழுத்திருந்தார்: சேது மண்ணை முனையிலேயே எடுக்க வேண்டும் என்பது அந்த வரி. அதை எழுதிய ஆண்டிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். கார்த்திகை மாதத்தில் மகனுடன் பிரயாகை செல்வதாக முடிவு செய்த அம்மையார், அதற்கு முன் சேது மண்ணைத் தாமே எடுத்து வந்துவிட வேண்டும் என்று கொழுந்தனாரையும் அழைத்துக்கொண்டு குழுவோடு கிளம்பினார்.

அவர்களுடைய இரயில் மண்டபத்தில் நெடுநேரம் நின்றது. காற்று என்றார்கள். பாம்பன் கடலின் மீது 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே சிக்னல் விழுந்து இரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஸ்ரீராம நவமியன்று திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் காற்றின் போக்கைப் பார்த்தே இரயில் விடப்படுகிறது. ஜன்னலோரம் அமர்ந்திருந்த கொழுந்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அம்மையார் விஷ்ணு சஹஸ்ரநாமத்தை இரண்டாம் முறை சொல்லத் தொடங்கினார். அது முடியும் தறுவாயில் இரயில் மெல்ல நகர்ந்தது.

அன்று மாலை அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் உள்ள இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து, மறுநாள் அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனமும் கண்ட பிறகு, ஏழு மணிக்கு முன்பே வேன் தனுஷ்கோடிச் சாலையில் ஓடியது. உடன் வந்த வழிகாட்டி உள்ளூர் மீனவக் குடும்பத்தவர், ஐம்பது வயதிருக்கும். வேனில் ஏறியதுமே ஒரு வார்த்தை சொன்னார்.

"அம்மா, ஐயா, எல்லாரும் கேட்டுக்கங்க. இது கச்சான் காத்து காலம். காலையில இப்படித்தான் இருக்கும், வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். நான் நில்லுன்னா நிக்கணும். அதுக்குச் சம்மதம்னா நடக்கலாம்."

எல்லோரும் சம்மதம் என்றனர். நிற்கச் சொல்லும் நிலை வரும் என்று அப்போது எவரும் எண்ணவில்லை.

முதலில் கோதண்டராமர் கோயில். இருபுறமும் நீர் தளும்பும் ஒரு கிளைச் சாலையின் கோடியில் தனித்து நிற்கிறது அது. 1964 புயல் இந்தக் கோயிலை வீழ்த்தவில்லை. இராமன், சீதை, இலக்குவன், அனுமனோடு விபீஷணனும் இங்கே சந்நிதியில் இடம்பெற்றிருக்கிறான். ஆண்டுதோறும் இராமலிங்கப் பிரதிஷ்டை விழாவின்போது விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடக்கும் தலம் இது. தரிசனம் முடித்து வெளி மண்டபத்தில் அமர்ந்தபோது, குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சரணாகதிக் கட்டத்தைச் சுருக்கமாக எடுத்துரைத்தார். காற்றின் இரைச்சலில் அவர் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது.

அண்ணனை விட்டு நீங்கிய விபீஷணன் நான்கு துணைவரோடு கடலைத் தாண்டி வந்தான். ஆனால் நேரே இராமன் திருமுன் போய் நிற்கவில்லை. வானத்திலேயே நின்று, தான் இன்னான் என்று அறிவித்துவிட்டுக் காத்திருந்தான். கீழே அவனைப் பற்றி வாதம் நடந்தது. பகைவனின் தம்பியை நம்பலாகாது என்றான் சுக்கிரீவன். ஏற்கலாம் என்றான் அனுமன். அவ்வளவு நேரமும் விபீஷணன் காற்றிலேயே நின்றான். அபயம் என்ற சொல் வந்த பிறகே அவன் கால் மண்ணில் பட்டது.

"இன்னொன்றும் உண்டு" என்றார் ஆசிரியர். "கடலைக் கடக்கும் வழி யாது என்று பிறகு விபீஷணனிடமே கேட்டார்கள். அவன் சொன்ன யோசனை என்ன தெரியுமா? இராமன் கடலரசனைச் சரணடைய வேண்டும் என்பதுதான். சற்று முன்பு சரண் புகுந்தவன், தனக்கு அபயம் கொடுத்தவனையே இன்னொருவரிடம் சரண் புகச் சொல்கிறான். இராமனும் மறுக்கவில்லை. கடற்கரையில் தர்ப்பையைப் பரப்பி மூன்று இரவுகள் கிடந்தான். கடலரசன் வரவில்லை. அதன் பின்பே வில்லெடுத்தான். வில்லெடுக்கும் வல்லமை உள்ளவன் முதலில் தரையில் படுத்துக் காத்திருந்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்."

தர்ப்பசயன இராமனைப் பின்னர் திருப்புல்லாணியில் சேவிக்கலாம் என்று கொழுந்தனார் பயணத் திட்டத்தைச் சொல்லி எல்லோரையும் எழுப்பினார்.

பழைய தனுஷ்கோடியில் வேன் நின்றது. அங்கிருந்து முனை நாலரை கிலோமீட்டர். நடக்க முடியாத மூவர் வேனிலேயே சாலையில் மெதுவாக வருவதென்றும், எஞ்சிய எண்மர் வழிகாட்டியோடு வடகரையை ஒட்டி நடப்பதென்றும் ஏற்பாடு. அம்மையாரையும் வேனிலேயே வரச் சொன்னார்கள். நடந்தே போய் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருப்பதாக அவர் கூறியதும் யாரும் வற்புறுத்தவில்லை.

நடை தொடங்குமுன் இடிபாடுகளைப் பார்த்தனர். கூரையற்ற தேவாலயச் சுவர்கள், இரயில் நிலையத்தின் மிச்சங்கள், உப்பரித்த செங்கல் வளைவுகள். 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய துறைமுக ஊர் இது. சென்னையிலிருந்து இரயிலில் வருவோர் இங்கே இறங்கிக் கப்பலேறி இலங்கைக்குச் சென்றனர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் வீசிய புயலும், அதனோடு எழுந்த கடலும் ஊரையே கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலும் 100-க்கும் மேற்பட்ட உயிர்களோடு அலைக்குள் மறைந்தது. பாம்பன் பாலத்தின் தூலங்களில் பெரும்பகுதி விழுந்துபோக, ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் அதனை 46 நாட்களில் செப்பனிட்டனர். பாலம் மீண்டது. ஊர் மீளவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

"எங்கப்பா அன்னைக்கு இராமேஸ்வரத்துல இருந்தாரு. சாமான் வாங்கப் போனவரு, காத்தைப் பார்த்து அங்கேயே தங்கிட்டாரு" என்றார் வழிகாட்டி. "அவரோட அம்மாவும் தங்கச்சியும் இங்கதான் இருந்தாங்க." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. கேட்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆசிரியர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கணம் கைகூப்பி நின்றார்.

எண்மரும் வடகரையில் இறங்கினர். வலப்புறத்திலிருந்து காற்று வீசியது. நெற்றித் திருநீறும் திருமண்ணும் நிலைக்கவில்லை. புடவைத் தலைப்புகளைச் செருகி, வேட்டிகளைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, துண்டால் காதை மூடிக்கொண்டு நடந்தனர். மணல் துகள்கள் கணுக்காலில் ஊசிபோல் தைத்தன. ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காததால், பாடிக்கொண்டு வந்த நாமாவளி தானாகவே நின்று, அவரவர் மனத்துக்குள் ஜபமாக மாறியது. தென்புறத்துக் கடலின் ஓசை இடைவிடாத முழக்கமாகக் கேட்டது. வடபுறத்துக் கடலோ குளம்போல் சிற்றலை எழுப்பிக்கொண்டிருந்தது. நடுவே இருந்த நிலத்தின் அகலம் அடிக்கு அடி குறைந்து வந்தது.

வழிகாட்டி அவ்வப்போது நின்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மணலை வலைபோல் பின்னிப் படர்ந்திருந்த அடும்புக் கொடி. அதனருகே கூர்மையான இலைகளோடு புதர் புதராய் நின்ற ஒரு புல். அதன் முள் பந்து போன்ற விதைக் கொத்துகள் காற்றில் உருண்டு ஓடின. அதற்கு இராவணன் மீசை என்று பெயர். இராமன் பாலம் கட்டிய கரையில் இராவணன் மீசையா என்று ஒருவர் சிரித்தார். "இந்தக் கொடியும் மீசையும் இல்லேன்னா இந்தத் திட்டு இவ்வளவு நாள் நின்னிருக்காது ஐயா. மணலைப் பிடிச்சு வச்சிருக்கிறதே இதுங்கதான்" என்றார் வழிகாட்டி.

ஓரிடத்தில் மீனவக் குடிசைகள் சில இருந்தன. கரைவலையை மணலில் பரப்பி, ஒரு முதியவள் கண்ணிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். குடிசைக்குப் பின்னால், கடலிலிருந்து சில பாக தூரத்தில், மணலில் தோண்டிய சிறு ஊற்று. முழங்கை ஆழம்கூட இருக்காது. அதிலிருந்து ஒரு சிரட்டையில் மொண்டு அவள் கொடுத்த நீர் இனித்தது. இருபுறமும் உப்புக் கடல் சூழ்ந்த இடத்தில் நன்னீர் எப்படி என்று எல்லோரும் வியந்தனர். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் கலவாமல் மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் அது கிடைக்கும்; பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு நீர்தான் வரும். அம்மையார் அந்த நீரை மூன்று முறை உள்ளங்கையில் ஏந்திப் பருகினார். முதியவளுக்கு ஏதேனும் கொடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது, தண்ணீருக்குக் காசு வாங்கும் வழக்கம் இல்லை என்று அவள் தலையசைத்துவிட்டாள்.

ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். ஒன்பதரை மணி ஆயிற்று. தூரத்தில் சாலையின் முடிவில் உள்ள அசோகச் சின்னத் தூண் மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் முனைப்பக்கத்திலிருந்து வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. அவற்றின் பின்னால் காவலர் வண்டி. தென்புறத்து அலை கல்லணையைத் தாண்டிச் சாலையில் விழுகிறது, எல்லோரும் திரும்புங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே அது கடந்து சென்றது.

வழிகாட்டி கையை உயர்த்தினார். "இங்கேயே நிப்போம் ஐயா. இதுக்கு மேல வேண்டாம்."

கொழுந்தனார் ஒப்பவில்லை. "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே? வடகரை அமைதியாகத்தானே இருக்கிறது. அண்ணி இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டார். கால் மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்."

"அந்த ஒரு கிலோமீட்டர்லதான் ஐயா ரெண்டு கடலும் கிட்டக் கிட்ட வருது. இந்தக் காத்துல வயசானவங்களைக் கூட்டிட்டு நான் போகமாட்டேன்."

"அண்ணன் முனையிலேயே எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாரப்பா. உனக்கு எப்படிச் சொல்வது? வேண்டுமானால் நான் மட்டும் போய் எடுத்து வருகிறேன்."

அவர் நாலடி முன்னால் நடந்தும் விட்டார். காற்று அவருடைய மேல்துண்டைப் பறித்துக் கடல்மேல் வீசியது. அறுபத்தெட்டு வயதுக்காரர், இதயத்தில் ஒரு முறை சிகிச்சை பெற்றவர். குழுவினர் செய்வதறியாது நின்றனர்.

அம்மையார் மணலில் உட்கார்ந்துவிட்டார். மடியில் மஞ்சள் பை. அதன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு முனையின் திசையையே பார்த்திருந்தார். முப்பது ஆண்டுக் காத்திருப்பும், கோடிழுத்த அந்த ஒரு வரியும், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தன. போகலாம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் கொழுந்தனார் போயிருப்பார். அவருக்குத் துணையாக இன்னும் இருவரும் போயிருப்பர். அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் நிறைந்த நீரை மணல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, வந்துவிடு" என்று உரக்கக் கூப்பிட்டார். "காலையில் வாத்தியார் சொன்னாரே, இராமனே இந்தக் கடலுக்கு முன்னால் மூன்று இராத்திரி கிடந்தான் என்று. அவன் நின்ற கரையில் நாம் நிற்பது ஒரு குறையா? உன் அண்ணா இருந்தால் உன்னை அனுப்பியிருப்பாரா?"

கொழுந்தனார் நின்றார். சற்று நேரம் முனையைப் பார்த்தபடி இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அண்ணியின் அருகே மணலில் அமர்ந்தார். பேசவில்லை.

சிறிது பொறுத்து அம்மையார் வழிகாட்டியிடம் கேட்டார்: "தம்பி, முனையில் எடுக்காவிட்டால் இது சேது மண் ஆகாதா?"

வழிகாட்டி சாஸ்திரம் அறிந்தவர் அல்லர். கடலை அறிந்தவர். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிக் காட்டினார். "அம்மா, முனைன்னு ஒரே இடம் கிடையாது. கச்சான் காத்துல தெக்குக் கடல் மணலை வடக்கே தள்ளும். வாடைக் காத்து வந்தா வடக்குக் கடல் திருப்பித் தள்ளும். போன வருசம் நாங்க முனைன்னு நின்ன இடம் இந்த வருசம் அங்க இல்ல. இப்ப உங்க காலடியில இருக்கிற மண்ணு போன வாடையில முனையில கெடந்த மண்ணா இருக்கும். இது நடந்துக்கிட்டே இருக்கிற மண்ணும்மா."

ஆசிரியர் மெல்லத் தலையசைத்தார். "பெரியவர்கள் சேது என்று சொன்னது ஒரு கல்லையோ ஒரு கம்பத்தையோ அல்ல அம்மா. இந்தக் கரை முழுவதும் சேதுதான்."

அம்மையார் எழுந்து, கடலில் காலை நனைத்து, கிழக்கு நோக்கி நின்று கணவரின் பெயரையும் கோத்திரத்தையும் சொன்னார். காற்று அந்தச் சொற்களை எவர் காதிலும் விழவிடாமல் எடுத்துக்கொண்டு போயிற்று. பின் குனிந்து, ஈர மணலில் ஒரு பிடி எடுத்துப் பையில் இட்டார். பையைக் கொழுந்தனாரிடம் நீட்டி, நாடாவை முடியச் சொன்னார். அவர் கை நடுங்க மூன்று முடிச்சு இட்டார். பிறகு எல்லோரும் சாலைக்கு ஏறி, காத்திருந்த வேனில் அமர்ந்தனர். பிற்பகலில் அரிச்சல்முனைச் சாலை முழுவதுமாக அடைக்கப்பட்டதை அவர்கள் விடுதியில் இருந்தபோது கேள்வியுற்றனர்.

யாத்திரையில் எல்லாவற்றையும் கண்டு, எல்லா இடத்தையும் தொட்டு முடித்தால்தான் பலன் என்ற எண்ணம் முதுமையில் சற்று வலுவாகவே வருகிறது. இனி ஒரு முறை வர இயலுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சரணாகதி என்று நாள்தோறும் சந்நிதியில் சொல்லும் சொல், இத்தகைய தருணத்தில்தான் வாயிலிருந்து கைக்கு வருகிறது. தான் விரும்பியதைத் தனக்காகப் பிறர் இடருற்றுக் கொணர வேண்டாம் என்று நிறுத்துவதும் அதன் ஒரு பகுதியே. விபீஷணன் வானில் நின்றதும் இராமன் தர்ப்பையில் கிடந்ததும் இந்தக் கரையோடு சேர்த்தே போற்றப்படுகின்றன. நளன் ஐந்து நாட்களில் நூறு யோசனை நீளப் பாலம் கட்டியது அதற்குப் பின்னர்தான்.

தனுஷ்கோடிக்குச் செல்லும் முதியோர் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று கடுமையாக இருக்கும். மாசி, பங்குனி மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. எக்காலமாயினும் காலையிலேயே சென்று வெயில் ஏறுமுன் திரும்புதல் நல்லது. குடிநீரும் தொப்பியோ துண்டோ கட்டாயம் வேண்டும். முனையில் நீரோட்டம் வலியது. அங்கே இறங்கி நீராட முயலாமல், நீராடலை அக்னி தீர்த்தத்தில் முடித்துக்கொண்டு முனையில் புரோக்ஷணம் மட்டும் செய்துகொள்ளலாம். மணல் ஒரு பிடி போதும். பூவும் துணியும் பிளாஸ்டிக் உறையும் கடலில் விட வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர் நில் என்றால் நின்றுவிட வேண்டும். அந்தக் காற்றோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அந்தச் சேது மண் கார்த்திகை மாதத்தில் மகன் கையால் திரிவேணி சங்கமத்தில் கரைந்தது. அங்கிருந்து கொணர்ந்த கங்கை நீர் மாசி மாதத்தில் இராமநாதசுவாமியின் திருமுடியில் அபிஷேகமாயிற்று. இம்முறை கடல் அடங்கியிருந்தது. மகன் காரிலேயே முனை வரை அழைத்துச் சென்றான். வழியில் அதே வழிகாட்டியைச் சந்தித்தபோது, அன்று தாம் மண் எடுத்த இடத்தை மகனுக்குக் காட்டும்படி அம்மையார் கேட்டார். வழிகாட்டி வடபுறத்துக் கடலில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, அலை மடியும் ஓரிடத்தைக் காட்டினார். வாடைக் காலத்தில் கடல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மையார் அந்தத் திசை நோக்கிக் கைகூப்பினார். பிறகு, அப்பா எழுதிய கணக்கு இன்றோடு தீர்ந்தது என்று மகனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.